சாக்லேட்டும் ஞாபக சக்தியும்: கல்லாவில் அமர்ந்திருப்பவர் அறிய வேண்டிய பாடம்



எடை, அளவு, வரி, உரிமம் பற்றியெல்லாம் நாம் அவ்வப்போது படித்துத் தெரிந்து கொள்கிறோம். ஆனால் விற்கும் சரக்கைப் பற்றி வாடிக்கையாளரிடம் நாம் சொல்லும் வார்த்தைக்கும் கணக்கு உண்டு என்பதைப் பல நேரங்களில் மறந்து விடுகிறோம். "சாக்லேட் சாப்பிட்டால் மூளைக்கு நல்லதாமே?" என்று கேட்டு வருபவர்கள் இப்போது அதிகம். பரீட்சை நேரத்தில் பிள்ளைகளுக்காகத் தாய்மார்கள் கேட்கிறார்கள். பெற்றோரின் மறதிக்காக மகன்களும் மகள்களும் கேட்கிறார்கள். மயிலாப்பூரானாலும் சரி, தி.நகரானாலும் அடையாறானாலும் சரி, இந்தக் கேள்வி வராத கடை இல்லை. அதற்கு நாம் என்ன பதில் சொல்வது? அதுவே இந்தப் பாடம்.

முதலில் நான் செய்த தவறு

மற்றவர்களுக்குப் பாடம் சொல்வதற்கு முன் என் தவறைச் சொல்லி விடுகிறேன்.

2023ஆம் ஆண்டு நடுவில், கோகோவில் உள்ள ஒரு சத்து முதியவர்களின் ஞாபக சக்தியை உயர்த்துவதாக அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று கண்டதாகச் செய்தி வந்தது. அந்தச் செய்தித் துண்டை வெட்டி, கல்லாவுக்கு மேலே கண்ணாடியில் ஒட்டி வைத்தேன். அதன் அடியிலேயே டார்க் சாக்லேட் பெட்டியையும் வைத்தேன். வியாபாரம் நன்றாகவே நடந்தது.

எங்கள் கடைக்கு இருபது வருடமாக வரும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அதைப் படித்தார். "தம்பி, வீட்ல மாமிக்குக் கொஞ்ச நாளா மறதி. பால் வெச்சா பொங்கினது தெரியல. இது கொடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டார். "தாராளமா கொடுங்க சார், பேப்பர்லயே போட்டிருக்கான்" என்றேன். அன்று முதல் வாரம் இரண்டு கட்டி வாங்கிப் போனார். நான்கு மாதம் வாங்கினார்.

பிறகு ஒரு நாள் அடையாறில் இருக்கும் அவருடைய மகள் கடைக்கு வந்தார். "அண்ணே, உங்க மேல குறை சொல்ல வரல. அம்மாவை டாக்டர்கிட்ட காட்டினோம். பி12 வைட்டமின் ரொம்பக் குறைவா இருக்காம். ஊசி போட்டுட்டிருக்கோம். முன்னாடியே வந்திருக்கலாமேன்னு டாக்டர் கேட்டார். அப்பா இந்தப் பேப்பரைத்தான் நம்பிட்டிருந்தார். அம்மாவுக்குச் சர்க்கரையும் இருக்கு, அதுவும் ஏறியிருக்கு" என்றார்.

அவர் குரலை உயர்த்தவில்லை. எனக்குத்தான் தலை நிமிரவில்லை. அந்தத் துண்டை அன்றே கிழித்துப் போட்டேன். அதன் பிறகுதான் அந்த ஆராய்ச்சி உண்மையில் என்ன சொன்னது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததைச் சக வியாபாரிகளுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை என்று கருதி இதை எழுதுகிறேன்.

ஃபிளேவனால் என்றால் என்ன?

கோகோ என்பது ஒரு மரத்தின் விதை. நம் மாநிலத்துக்கு அது புதிதல்ல. 1798ஆம் ஆண்டிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் கோகோ பயிரிட்டுப் பார்த்தார்கள். இந்தியாவில் கோகோவின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்தில் தென்னந்தோப்புகளுக்குள் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது. ஆந்திரம், கேரளம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களிலும் பயிராகிறது. நம் சென்னையிலேயே கோகோ விதையிலிருந்து சாக்லேட் செய்யும் கோகோட்ரைட் போன்ற சிறு நிறுவனமும் இருக்கிறது.

பச்சைக் கோகோ விதையைக் கடித்தால் நாக்கு இழுக்கும். கசப்பும் துவர்ப்பும் கலந்த சுவை. அந்தத் துவர்ப்புக்குக் காரணமான பொருட்களில் முக்கியமானவையே ஃபிளேவனால்கள். அவற்றில் அதிகம் பேசப்படுவது எபிகேட்டசின் என்பது. கோகோவுக்கு மட்டும் இது சொந்தமில்லை. தேயிலை, ஆப்பிள், திராட்சை ஆகியவற்றிலும் இதே குடும்பத்துப் பொருட்கள் உண்டு. திக்கான டீ டிகாஷனில் நாம் உணரும் துவர்ப்பும் இந்த இனம்தான்.

ஆனால் துவர்ப்பு எல்லாமே நன்மை என்று முடிவு கட்டி விடக் கூடாது. கொட்டைப் பாக்கிலும் இந்தக் குடும்பத்துப் பொருட்கள் இருக்கின்றன. அதே பாக்கு வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு அறிவித்திருக்கிறது. ஒரு சத்து இருப்பதாலேயே ஒரு சரக்கு நல்ல சரக்காகி விடாது.

மூளையில் என்ன நடக்கிறது?

நம் உடல் எடையில் மூளை ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அது ஒன்றே எடுத்துக் கொள்கிறது. அந்தச் சக்தி இரத்தத்தின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். இரத்தக் குழாய் இறுகினால் வரத்து குறையும். தளர்ந்தால் வரத்து கூடும்.

இரத்தக் குழாய்களின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சிறிதளவு சுரக்கிறது. அது குழாயைத் தளர்த்துகிறது. இந்த வாயு உடலில் செய்திக்காரன் போல வேலை செய்வதைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் 1998இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. கோகோ ஃபிளேவனால்கள் இந்த வாயு உண்டாகவும் நிலைக்கவும் துணை செய்கின்றன என்பதே ஆராய்ச்சியாளர்கள் தரும் விளக்கம்.

இந்தச் சிந்தனைக்கு ஊக்கம் தந்தது பனாமா நாட்டின் கடலோரத் தீவுகளில் வாழும் கூனா என்னும் பழங்குடி மக்கள். அவர்கள் தினமும் பல கோப்பை கோகோ குடிப்பவர்கள். வயது ஏறினாலும் தீவில் இருப்பவர்களுக்கு இரத்த அழுத்தம் ஏறுவதில்லை. அதே மக்கள் நகரத்துக்குக் குடிபெயர்ந்தால் ஏறுகிறது. ஹார்வர்டைச் சேர்ந்த நார்மன் ஹாலன்பெர்க் என்ற மருத்துவர் 1990களில் இதை ஆராய்ந்தார். கோகோதான் காரணமா, அல்லது மீன், உழைப்பு, அமைதியான வாழ்க்கை ஆகியவையும் காரணமா என்ற கேள்வி எழுவது இயல்பு. அதனால்தான் பிறகு கட்டுப்பாடான சோதனைகள் தேவைப்பட்டன.

சோதனைகள் சொன்னவையும் சொல்லாதவையும்

இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். செய்தித் துண்டில் இல்லாத விஷயங்கள் இவை.

2014ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 50 முதல் 69 வயது வரையிலான 37 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவுக்குத் தினம் 900 மி.கி. ஃபிளேவனால் கலந்த பானம்; மற்றொரு பிரிவுக்கு வெறும் 10 மி.கி. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, அதிகம் குடித்தவர்களின் மூளையில் ஞாபகத்தோடு தொடர்புடைய ஒரு சிறு பகுதி கூடுதலாக இயங்கியது. ஒரு குறிப்பிட்ட தேர்விலும் அவர்கள் வேகமாகச் செய்தார்கள். நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் 37 பேர் என்பது நம் கடைக்கு ஒரு மணி நேரத்தில் வந்து போகும் கூட்டம்.

2020ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 18 ஆரோக்கியமான இளைஞர்கள். ஃபிளேவனால் மிகுந்த கோகோ குடித்த அன்று மூளைக்கு ஆக்சிஜன் வரத்து கூடியது. கடினமான புதிர்களை 11 சதவீதம் வேகமாகச் செய்தார்கள். எளிதான புதிர்களில் வித்தியாசம் இல்லை. 18 பேரில் 4 பேருக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை.

2022ஆம் ஆண்டு. இதுவே பெரிய சோதனை. காஸ்மாஸ் என்று பெயர். அமெரிக்காவில் 21,442 முதியவர்கள் கலந்து கொண்டார்கள். தினம் 500 மி.கி. ஃபிளேவனால் உள்ள மாத்திரை ஒரு பிரிவுக்கு. சத்தில்லாத போலி மாத்திரை இன்னொரு பிரிவுக்கு. இருதய நோய் நிகழ்வுகள் மொத்தத்தில் 10 சதவீதம் குறைந்தன. ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவில்தான் இருந்தது. இருதய நோயால் இறப்பது மட்டும் 27 சதவீதம் குறைந்தது. இதே சோதனையின் கிளையாக 2,262 பேருக்குத் தொலைபேசி வழியாக மூன்று வருடம் மூளைத் திறன் தேர்வு நடத்தினார்கள். அதில் கோகோ மாத்திரையால் எந்தப் பயனும் தெரியவில்லை.

2023ஆம் ஆண்டு. நான் கண்ணாடியில் ஒட்டிய செய்தி இதுதான். காஸ்மாஸின் மற்றொரு கிளை. 3,562 பேர். கணினி வழியாகச் சொற்களை நினைவு கூரும் தேர்வு. மொத்தக் கூட்டத்தையும் எடுத்துக் கொண்டால் முன்னேற்றம் மிகச் சிறியது. உறுதியாகச் சொல்லத் தக்கதல்ல. ஆனால் முன்பிருந்தே உணவு சரியில்லாமல், உடலில் ஃபிளேவனால் குறைவாக இருந்தவர்களை மட்டும் தனியே பார்த்தபோது, போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்களின் மதிப்பெண் சராசரியாக 10.5 சதவீதம் கூடியிருந்தது.

இதன் பொருள் என்ன? பழமும் காய்கறியும் டீயும் சரியாக உட்கொள்பவருக்குக் கூடுதலாகக் கோகோ கொடுத்துப் பெரிய லாபம் இல்லை. குறை உள்ளவருக்குக் குறையை நிரப்பினால் கொஞ்சம் பயன் இருக்கலாம். அவ்வளவே. மறதி நோய் குணமாகும் என்று அந்த ஆராய்ச்சி எங்கும் சொல்லவில்லை.

இன்னும் இரண்டு விஷயங்கள். முதலாவது, காஸ்மாஸில் கொடுத்தது மாத்திரை, சாக்லேட் அல்ல. மாத்திரையில் சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை. இரண்டாவது, இந்தத் துறையின் பல ஆராய்ச்சிகளுக்குப் பணமோ பொருளோ கொடுத்தது மார்ஸ் என்ற சாக்லேட் நிறுவனம். அதனாலேயே முடிவு பொய் என்று ஆகி விடாது. அரசு நிதியும் சேர்ந்தே வந்திருக்கிறது. ஆனால் சரக்கு அனுப்பியவரே எடையும் போட்டுக் கொடுத்தால் நாம் மறுபடி ஒரு முறை தராசில் வைத்துப் பார்ப்பதில்லையா? அந்த எச்சரிக்கை இங்கேயும் வேண்டும்.

மனநிலைக்கு நல்லதா?

"மனசு சரியில்லேன்னா சாக்லேட் சாப்பிடு" என்பது இன்றைய பிள்ளைகளின் வழக்கு. இதில் உண்மை எவ்வளவு?

2013இல் ஆஸ்திரேலியாவில் நடுத்தர வயதுள்ள 72 பேருக்கு 30 நாள் சோதனை நடந்தது. தினம் 500 மி.கி. கோகோ பாலிஃபீனால் குடித்தவர்கள், மனம் அமைதியாகவும் நிறைவாகவும் இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் அவர்களின் மூளைத் திறனில் மாற்றம் இல்லை.

2019இல் அமெரிக்கர்கள் 13,626 பேரின் உணவுக் கணக்கைப் பார்த்து ஒரு கட்டுரை வந்தது. டார்க் சாக்லேட் சாப்பிட்டதாகச் சொன்னவர்களிடம் மனச்சோர்வு மிகக் குறைவாகக் காணப்பட்டது. உடனே "சாக்லேட் மனச்சோர்வைப் போக்கும்" என்று செய்தி பரவியது. ஆனால் 2010இல் வந்த வேறொரு ஆய்வு நேர்மாறாக இருந்தது. கலிஃபோர்னியாவில் 931 பேரைப் பார்த்ததில், மனச்சோர்வு அதிகமாக உள்ளவர்கள்தான் சாக்லேட் அதிகம் சாப்பிட்டார்கள்!

இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? நம் அனுபவத்திலேயே விடை இருக்கிறது. ஐப்பசியில் குடை நன்றாக விற்கும், மழையும் பெய்யும். குடை விற்றதால் மழை வந்தது என்று யாரும் சொல்வதில்லை. மனம் சோர்ந்தவர் ஆறுதலுக்காகச் சாக்லேட் தேடலாம். மனம் தெளிவாக இருப்பவர், வசதியும் இருந்தால், விலை உயர்ந்த டார்க் சாக்லேட் வாங்கலாம். இரண்டு பொருள் ஒன்றாக வருவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகாது.

சாக்லேட் தரும் உடனடி உற்சாகத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. அதில் தியோபுரோமின் என்ற மிதமான ஊக்கப் பொருளும் சிறிதளவு காஃபீனும் இருக்கின்றன. ஆனால் காஃபீனில் ஒரு டம்ளர் ஃபில்டர் காபியோடு ஒரு சிறு கட்டி சாக்லேட் போட்டி போட முடியாது. சர்க்கரையும் கோகோ வெண்ணெயும் சேர்ந்து நாக்கில் உருகும் சுகமும் ஒரு காரணம். அந்தச் சந்தோஷம் பொய்யல்ல. ஆனால் அது மருந்தல்ல.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை, வாழ்வே வெறுத்து விட்டது என்று ஒருவர் சொன்னால் அவருக்குக் காட்ட வேண்டியது சாக்லேட் ரேக்கை அல்ல. மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம். கல்லாவுக்கு அருகில் செய்தித் துண்டுக்குப் பதிலாக இந்த எண்ணை எழுதி வைக்கலாம்.

சத்து எங்கே காணாமல் போகிறது?

இது நமக்கு மிகவும் பயன்படும் பகுதி. விதையில் உள்ள ஃபிளேவனால் முழுவதும் கட்டிக்கு வந்து சேர்வதில்லை.

பழத்திலிருந்து எடுத்த விதையைப் பெட்டியில் போட்டுச் சில நாட்கள் புளிக்க வைக்கிறார்கள். சாக்லேட் மணத்துக்கு அது அவசியம். ஆனால் அதில் ஒரு பகுதி ஃபிளேவனால் போய் விடுகிறது. காய வைப்பதிலும் வறுப்பதிலும் இன்னும் கொஞ்சம் போகிறது.

பெரிய இழப்பு வேறிடத்தில். 1828இல் ஹாலந்து நாட்டில் வான் ஹூட்டன் குடும்பத்தார் கோகோவை அழுத்தி வெண்ணெயைப் பிரித்துத் தூளாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். அந்தத் தூளில் காரம் சேர்த்துப் பக்குவப்படுத்தும் முறையும் அவர்கள் பெயரோடு சேர்ந்தது. டட்ச் முறை என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். காரம் சேர்ந்தால் நிறம் கறுக்கும், கசப்பு குறையும், பாலில் நன்றாகக் கலக்கும். ஆனால் துவர்ப்போடு ஃபிளேவனாலும் போய் விடும்.

2008இல் வந்த ஓர் ஆய்வின் சராசரிக் கணக்கு: காரம் சேர்க்காத கோகோத் தூள் 1 கிராமில் ஃபிளேவனால் 34.6 மி.கி.; லேசாகக் காரம் சேர்த்ததில் 13.8, நடுத்தரமாகச் சேர்த்ததில் 7.8, அதிகமாகச் சேர்த்ததில் 3.9 மி.கி. மட்டுமே.

கணக்கு நமக்குக் கைவந்த கலை. போட்டுப் பாருங்கள். காஸ்மாஸில் கொடுத்த 500 மி.கி. கிடைக்க வேண்டுமானால், காரம் சேர்க்காத தூள் என்றால் சுமார் 14½ கிராம் போதும். அதிகக் காரம் சேர்த்த தூள் என்றால் 128 கிராம் வேண்டும். ஒரு நாளைக்கு! யாராலும் முடியாது.

ஆகவே "கறுப்பாக இருப்பதுதான் நல்ல சரக்கு" என்று வாடிக்கையாளரிடம் சொல்வது தவறு. காரம் சேர்த்த தூள்தான் அதிகம் கறுத்திருக்கும். 70 சதவீதம், 85 சதவீதம் என்று உறையில் போட்டிருப்பதும் கோகோவின் அளவைத்தான் காட்டும். ஃபிளேவனாலின் அளவை அல்ல.

குடிக்கும் முறையிலும் இழப்பு உண்டு. 2023இல் வந்த ஓர் ஆய்வில், வாழைப்பழத்தோடு சேர்த்து அரைத்துக் குடித்தால், உடலில் சேரும் ஃபிளேவனால் 84 சதவீதம் குறைந்தது. பழம் வெட்டினால் கறுக்கச் செய்யும் அதே நொதிதான் காரணம். வாழைப்பழம் நல்ல பழமே. ஆனால் ஃபிளேவனாலுக்காகவே கோகோ குடிப்பவர் இரண்டையும் சேர்த்து அரைக்க வேண்டாம்.

நம் ரேக்கில் உள்ள சரக்கு

1. மில்க் சாக்லேட்: நம் நாட்டு உணவுத் தர விதிப்படி இதில் கொழுப்பு நீக்கிய கோகோப் பகுதி 2.5 சதவீதம் இருந்தாலே போதும். எடையில் ஏறக்குறையப் பாதி சர்க்கரை. இது தின்பண்டம், அப்படியே சொல்லி விற்கலாம்.

2. டார்க் சாக்லேட்: பாலில்லாத சாதாரண சாக்லேட்டுக்கு அந்த அளவு 12 சதவீதம். 70 சதவீதம் என்று போட்ட கட்டியில் மீதியுள்ள 30 சதவீதம் பெரும்பாலும் சர்க்கரை என்பதை மறக்க வேண்டாம்.

3. சமையல் கோகோத் தூள்: சர்க்கரை இல்லாதது. காரம் சேர்த்ததா என்று உறையில் பார்க்கவும். பொருட்களின் பட்டியலில் "அமிலச் சீராக்கி" என்று எண்ணோடு போட்டிருந்தால் பெரும்பாலும் காரம் சேர்ந்தது என்று கொள்ளலாம்.

4. கோகோ கலந்த மால்ட் பானங்கள்: சர்க்கரையும் மால்ட்டுமே இவற்றில் முக்கியம். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற பிரிவிலிருந்து எடுத்து விடும்படி இணையவழி விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவுக்கு விளக்கமே இல்லை என்பதுதான் காரணம். நம் கடையிலும் ரேக்கின் மேல் அப்படி ஒரு பலகை தொங்கினால் கழற்றி விடுவது நல்லது.

2024இல் ஐவரி கோஸ்ட், கானா நாடுகளில் விளைச்சல் குறைந்து, உலகச் சந்தையில் கோகோ விலை டன் 10,000 டாலரைத் தாண்டியது நினைவிருக்கும். கட்டியின் எடை குறைந்ததும் விலை ஏறியதும் அந்தக் காலத்தில்தான். 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட், கோகோத் தூள் ஆகியவற்றுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. வரி குறைந்தால் விற்பனைப் பிரதிநிதிகள் ஸ்கீமோடு வந்து நிற்பார்கள். சரக்கு எடுங்கள், அவர்கள் தரும் "மூளைக்கு நல்லது" என்ற அட்டையை மட்டும் படித்துப் பார்த்து, பிறகு மாட்டுங்கள்.

கோகோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரி வெப்பத்தில் உருகி விடும். கத்திரி வெயிலில் நம் கடைகள் அதைத் தாண்டி விடுகின்றன. உருகி மறுபடி இறுகிய கட்டியில் வெள்ளை பூத்திருக்கும். அது பூஞ்சணம் அல்ல. மேலே வந்து படிந்த கொழுப்பு. கெடுதல் இல்லை என்றாலும் சுவை குன்றும். வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். திருப்பிக் கொடுத்தால் வாங்கிக் கொள்ளவும் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐரோப்பாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல், தினம் 200 மி.கி. கோகோ ஃபிளேவனால் இரத்தக் குழாய்களின் நெகிழ்ச்சியைக் காக்க உதவும் என்பதை ஏற்றது. மூளை, ஞாபகம் என்று ஒரு வார்த்தையும் அதில் இல்லை. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2023இல், குறைந்தது 4 சதவீதம் ஃபிளேவனால் உள்ள கோகோத் தூளுக்கு மட்டும், இருதயம் சம்பந்தமாக, "ஆதாரம் மிகவும் குறைவு" என்ற வாசகத்தோடு சொல்லிக் கொள்ள இடம் கொடுத்தது. சாதாரண சாக்லேட்டுக்கு அந்த அனுமதி இல்லை.

நம் நாட்டில் 2018ஆம் ஆண்டின் விளம்பர, உரிமைகோரல் விதிகளின்படி, ஓர் உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று சொல்லி விளம்பரம் செய்யக் கூடாது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006இன் 53ஆவது பிரிவின் கீழ், தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விளம்பரத்தை வெளியிடுபவர் மட்டுமல்ல, அதில் பங்கு கொள்பவரும் பொறுப்பாளி. கடைக்குள் நாமே எழுதி ஒட்டும் காகிதமும் விளம்பரம்தான் என்பதை நினைவில் வைக்கவும்.

வாடிக்கையாளர் கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி: பையனுக்குப் பரீட்சை. டார்க் சாக்லேட் கொடுத்தால் நன்றாக எழுதுவானா?
பதில்: "ஒரு துண்டு கொடுங்கம்மா, சந்தோஷப்படுவான். மார்க்குக்கு ராத்திரித் தூக்கமும் காலையில டிபனும்தான் முக்கியம்."

கேள்வி: அப்பாவுக்கு மறதி. இது சாப்பிட்டால் சரியாகுமா?
பதில்: "இதுல சரியாகாதுங்க. முதல்ல டாக்டரைப் பாருங்க. பி12, தைராய்டு, பிரஷர், சர்க்கரை எல்லாம் பார்க்கச் சொல்லுங்க." இந்தக் குறைகளில் சில மருந்தாலும் ஊசியாலும் சரியாகக் கூடியவை. பி12 குறைபாடு சைவ உணவுக்காரர்களிடம் அதிகம் காணப்படும். தாமதம் ஆக ஆக நஷ்டம் கூடும். வசதி இல்லாதவர் என்றால் சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையின் நரம்பியல் பிரிவைச் சொல்லுங்கள்.

கேள்வி: சர்க்கரை நோய் இருக்கிறது. டார்க் சாக்லேட் சாப்பிடலாமா?
பதில்: "அதிலயும் சர்க்கரை இருக்குங்க. டாக்டரைக் கேட்டுட்டு வாங்குங்க." சர்க்கரை சேர்க்காத கோகோத் தூளை எடுத்துக் காட்டலாம், அதையும் மருந்து என்று சொல்லக் கூடாது.

கேள்வி: தினம் நிறையச் சாப்பிட்டால் கெடுதலா?
பதில்: அளவு மீற வேண்டாம் என்றே சொல்லவும். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 2022இல் 28 வகை டார்க் சாக்லேட்டுகளைச் சோதித்தபோது எல்லாவற்றிலும் ஈயமும் காட்மியமும் இருந்தன. 23 வகைகளில், தினம் ஓர் அவுன்ஸ் சாப்பிட்டாலே கவலைப்பட வேண்டிய அளவு என்று அது கருதியது. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இதில் கூடுதல் கவனம் தேவை.

கேள்வி: வேறு எதில் இந்தச் சத்து கிடைக்கும்?
பதில்: டீ, ஆப்பிள், திராட்சை. நம் கடையிலேயே டீத்தூள் இருக்கிறது. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லவும். இல்லாவிட்டால் உணவில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும்.

முடிவாக

சாக்லேட்டை விற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் விற்கிறேன். கோகோ நல்ல பொருள். அதைப் பற்றிய ஆராய்ச்சி இன்னும் நடந்து கொண்டிருக்கிறது. வரும் ஆண்டுகளில் இன்னும் தெளிவான முடிவுகள் வரக்கூடும். வரும்போது படிப்போம், மாற்றிச் சொல்வோம். அதுவரை உறையில் உள்ளதைச் சொல்லி விற்போம். உறையில் இல்லாததைச் சொல்லி விற்க வேண்டாம்.

பெரிய கடைகளும் இணையவழிக் கடைகளும் விலையில் நம்மைத் தோற்கடிக்கலாம். ஆனால் "அவர் சொன்னா சரியா இருக்கும்" என்று ஒரு குடும்பம் இருபது வருடமாக நம்புகிறதே, அதை எந்தத் தள்ளுபடியும் வாங்க முடியாது. அந்த நம்பிக்கையை நான்கு மாதச் சாக்லேட் வியாபாரத்துக்காக நான் இழக்க இருந்தேன்.

மாமி இப்போது தேறி விட்டார். ஆசிரியரோடு மாட வீதியில் காய்கறி வாங்க வரும்போது கடையிலும் எட்டிப் பார்ப்பார். போன வாரம் துவரம் பருப்பு பாக்கிக் கணக்கை நான் எட்டு ரூபாய் கூட்டிச் சொல்ல, அவர்தான் திருத்தினார். "மறதி எனக்கா உனக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். எட்டு ரூபாயைக் கழித்துக் கணக்கை எழுதிக் கொண்டேன்.